சூப்பர்மார்க்கெட் வந்தால் என்ன பாதிப்பு என்று ஆராய யார் காசு கொடுக்க வேண்டும்?

மூலைக்கடை:
எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தில், லண்டனுக்கு வெளியே ஒரு சின்ன நகரத்தில் கடை வைத்திருக்கிறேன். பால், பேப்பர், போத்தல், கொஞ்சம் மரக்கறி, அரிசி மூட்டை, சனிக்கிழமைகளில் மீன் ரோல்ஸ். இப்போது நகரத்துக்கு வெளியே, பைபாஸ் பக்கம் சும்மா கிடக்கும் தொழிற்சாலைக் காணியில் 3,000 சதுர மீட்டரில் சூப்பர்மார்க்கெட் கட்ட விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். கவுன்சில் (உள்ளூராட்சி சபை) வெப்சைட்டில் அதன் 'ரீடெயில் இம்பாக்ட்' அறிக்கை, அதாவது மற்றக் கடைகளுக்கு வரும் தாக்கம் பற்றிய ஆய்வு, இருக்கிறது. முழுக்க வாசித்தேன். நகர மையத்துக்குப் பெரிய பாதிப்பு வராதாம். யார் செய்வித்தது என்று பார்த்தால், கட்ட வருகிறவர்களேதான். வேலிக்கு ஓணான் சாட்சி! இதைக் கவுன்சில் அல்லவா தன் காசில் செய்விக்க வேண்டும்? ஆட்சேபத்தில் இதையே எழுதிப் போடலாமா?

வரைபடம்:
தம்பி, அதை மட்டும் எழுதினால் அதிகாரி ஒரே வரியில் பதில் சொல்லி முடித்துவிடுவார். இங்கிலாந்தில் விதியே அப்படித்தான். நகர மையத்துக்கு வெளியே, கவுன்சிலின் உள்ளூர்த் திட்டத்தில் கடைக்கென்று குறிக்காத இடத்தில், 2,500 சதுர மீட்டருக்கு மேல் கடை கட்டுகிறவர்தான் தாக்க ஆய்வைக் கொடுக்க வேண்டும். கவுன்சில் தனக்கென்று வேறு அளவு வைத்திருந்தால் அதுதான் செல்லும். நான் முன்பு ஒரு கவுன்சிலில் திட்ட அனுமதிப் பிரிவில் இருந்தேன். இந்த அறிக்கைகளைப் படிப்பதே பிழைப்பு.

என்னைக் கேட்டால் அவர்கள் செலவழிப்பதுதான் நியாயம். கவுன்சில் காசு என்றால் யாருடையது? நீங்கள் கட்டும் கவுன்சில் டாக்ஸ். லாபம் பார்க்கப் போகிறவருக்கு நீங்கள் ஏன் ஆய்வுச் செலவு கொடுக்க வேண்டும்? ஆனால் காசு கொடுப்பது வேறு, ஆளைப் பிடிப்பது வேறு. ஆய்வாளரைத் தேர்ந்தெடுப்பதும், அவருக்குக் கணக்கின் அடிப்படையைச் சொல்லிக்கொடுப்பதும் கட்டுகிறவர் கையில் இருப்பதுதான் கோளாறு. அதனால்தான் பல கவுன்சில்கள் அந்த அறிக்கையைச் சரிபார்க்க வேறொரு ஆலோசகரை அமர்த்துகின்றன. அந்தச் செலவையும் பெரும்பாலும் விண்ணப்பதாரரிடமே வாங்கிவிடுவார்கள். உங்கள் விண்ணப்பத்துக்கு அப்படி ஒரு சரிபார்ப்பு நடக்கிறதா, அதைப் பொதுவில் போடுவார்களா என்று அதிகாரிக்கு இன்றே ஓர் இமெயில் போடுங்கள்.

அப்புறம் அட்டவணைகளைப் பாருங்கள். சூட்சுமம் அங்கேதான். புதுக் கடையின் வருட விற்பனையை எப்படிப் போடுகிறார்கள்? விற்பனைத் தளத்தின் அளவை, சதுர மீட்டருக்கு இவ்வளவு என்ற ஒரு தொகையால் பெருக்குவார்கள். உங்கள் 3,000இல் விற்பனைத் தளம் 1,800 என்று வைத்துக்கொள்ளுங்கள். மீட்டருக்கு 12,000 பவுண்டு போட்டால் 21.6 மில்லியன். 9,000 போட்டால் 16.2 மில்லியன். கட்டடம் அதேதான், நகர மையத்திலிருந்து போகும் வியாபாரம் மட்டும் காகிதத்தில் சுருங்கிவிடும். அந்தத் தொகையை எங்கிருந்து எடுத்தார்கள் என்று கேளுங்கள்.

மூலைக்கடை:
நன்றி அக்கா. வீடுகளுக்குப் போன் எடுத்துக் கேட்டோம் என்று ஓர் இணைப்பு இருக்கிறது. அதில் என் கடை எங்கேயும் இல்லை. எங்கள் தெருவே இல்லை.

வரைபடம்:
'மற்றக் கடைகள்' என்ற வரியைப் பாருங்கள், அதற்குள் இருப்பீர்கள். "வாராந்தச் சாமான் எங்கே வாங்குகிறீர்கள், இடையில் குறைகிறதை எங்கே வாங்குகிறீர்கள்" என்றுதான் கேட்பார்கள். பெரிய கடைப் பெயர்கள் தனித்தனி வரியில் வரும், மிச்சமெல்லாம் ஒரே மூட்டை. ஆங்கிலத்தில் போன் வந்தால் வைத்துவிடும் வீடுகள் அந்த மூட்டைக்குள்ளும் வராது.

நியூஇங்கிலாந்துவாசி:
அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் இதற்கென்றே 2007இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 75,000 சதுர அடிக்கு மேற்பட்ட கடை என்றால் கட்டுகிறவர் 40,000 டாலரை மாநில அலுவலகத்தில் கட்ட வேண்டும். அதிலிருந்துதான் ஆய்வுக்குச் செலவு, ஆய்வாளர் கட்டுகிறவரின் ஆள் இல்லை. அக்கா சொல்கிற பிரிவினை அப்படியே! ஆனால் 2011இல் 'விரும்பிய ஊர்கள் வைத்துக்கொள்ளலாம்' என்று தளர்த்திவிட்டார்கள். காசை யார் தந்தாலும், ஆய்வே கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டால் என்ன செய்வது?

கொங்குநாட்டான்:
நீங்களாவது 'மற்றக் கடைகள்' வரியில் இருக்கிறீர்கள். இந்தியாவில் 2006 அறிவிக்கையின்படி 20,000 சதுர மீட்டரைத் தாண்டினால்தான் மாலுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி. அங்கேயும் ஆலோசகருக்குக் காசு கொடுப்பவர் கட்டுகிறவரே. தண்ணீர், கழிவுநீர், வண்டி நெரிசல் எல்லாம் பார்ப்பார்கள். பக்கத்துத் தெரு மளிகைக்கடைக்கு எவ்வளவு வியாபாரம் குறையும் என்று கணக்குப் போட்டு நான் பார்த்ததில்லை.

மூலைக்கடை:
சரி அக்கா, அப்படியென்றால் "என் வியாபாரம் படுத்துவிடும்" என்று எழுதலாம்தானே?

வரைபடம்:
எழுதாதீர்கள். ஒரு கடைக்கும் இன்னொரு கடைக்கும் உள்ள போட்டியைத் திட்ட அனுமதியில் பார்க்க மாட்டார்கள். நகர மையம் மொத்தமாகத் தேய்ந்துபோகுமா என்பதைத்தான் பார்ப்பார்கள். உங்கள் மெயின் ரோட்டில் நடுத்தர அளவில் ஒரு சூப்பர்மார்க்கெட் இருக்கும், இல்லையா? பெரிய கடை முதலில் இழுப்பது அதன் வியாபாரத்தைத்தான் என்று இந்த அறிக்கைகளே வைத்துக்கொள்ளும். அது மூடினால் அங்கே கார் நிறுத்திவிட்டு உங்களிடமும் சலூனிலும் மருந்துக்கடையிலும் ஏறி இறங்கும் சனம் வராது. அந்த ஒரு கடையின் வியாபாரம் எத்தனை சதவீதம் விழும் என்று அட்டவணையில் இருக்கும், அதைப் பிடியுங்கள். மெயின் ரோட்டில் இப்போது பூட்டிக்கிடக்கும் கடைகளைப் படம் எடுத்துச் சேருங்கள். ஆட்சேபத்துக்குக் குறைந்தது 21 நாள் தருவார்கள். கடைசித் தேதி விண்ணப்பப் பக்கத்திலேயே இருக்கும்.

மூலைக்கடை:
வரும் வெள்ளி கடைசி. மருந்துக்கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுக்கிறேன். அந்தச் சதவீதம் 11 என்று போட்டிருக்கிறார்கள் அக்கா, இது கூடவா குறையவா?

வரைபடம்:
இவ்வளவுக்கு மேல் போனால் ஆபத்து என்று விதியில் எண் கிடையாது. நன்றாக ஓடும் கடைக்கு 11 பெரிதில்லை, ஏற்கெனவே தள்ளாடும் கடைக்கு அதுவே போதும். அந்தக் கடை இப்போது எப்படி ஓடுகிறது என்று அறிக்கையில் இருக்கிறதா? அந்தப் பக்கத்தை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.