புதுப்பிப்பு: தம்பியின் அபராத வழக்கும் வேலைச் சரிபார்ப்பும்

போன மாதம் கேட்டிருந்தேன்: 2019இல் பாலக்கோட்டுத் திருவிழாவில் நடந்த கைகலப்புக்குத் தம்பி குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினான், இப்போது மத்திய அரசு வேலைக்கான சரிபார்ப்புப் படிவத்தில் அதை எழுத வேண்டுமா என்று.

எழுதிவிட்டோம். 'ஃபைன் கட்டியாச்சு, கேஸ் முடிஞ்சுது' என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். தருமபுரியில் பார்த்த வக்கீல் சிரித்துவிட்டார். ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அதுவும் தண்டனைதானாம். அன்றைக்கு யாராவது இதைச் சொல்லியிருக்கக் கூடாதா?

2016ஆம் ஆண்டு அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அவர் விளக்கினார். மறைத்தால், அதற்காகவே வேலை போகலாம். சில்லறை வழக்காக இருந்தால் மறைத்ததைக்கூட நிர்வாகம் மன்னிக்கலாம். ஆனால் உண்மையை எழுதியதாலேயே வேலை உறுதி என்று ஆகிவிடாது. முன்நடத்தையை எடைபோடும் உரிமை நிர்வாகத்துக்கு உண்டு.

காவல்துறை வேலை பற்றிக் கேட்ட நண்பருக்கு: தமிழ்நாட்டில் அது இன்னும் கடுமை. சந்தேகத்தின் பலனில் (அதாவது, குற்றம் சந்தேகமில்லாமல் நிரூபிக்கப்படாததால்) விடுதலையானவரையும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே விதி பார்க்கிறது.

அப்புறம், ஸ்டேஷனிலிருந்து வந்து விசாரித்தார்கள், தெருமுனை டீக்கடையிலும் கேட்டார்களாம். தீர்ப்பு நகலோடு விளக்கக் கடிதம் அனுப்பியாயிற்று. பதில் இன்னும் வரவில்லை.