மறு: மூச்சுப்பயிற்சி ரிமைண்டருக்கு தமிழ்ல என்ன சொல்லலாம்?

> "ஊக்குவிப்புச் சுவாசமானி நினைவூட்டி"ன்னு போடலாமே, பொருள் சரியா வருது.

பொருள் சரிதான் அண்ணன், ஆனா ஒப்பரேசன் முடிஞ்சு நெஞ்சுல தையலோட கிடக்கிற ஆளு இத சொல்லி முடிக்கிறதுக்குள்ள பத்து தடவ மூச்சு வாங்கணும், அதுவே பயிற்சியாயிரும் :)

எங்க மாமாவுக்கு கண்டியில நெஞ்சத் தொறந்து இதய பைபாஸ் செஞ்சப்ப அட்டன்லருந்து போயி நான்தான் கூட நின்னேன். மூணு உருண்டை உள்ள அந்த பிளாஸ்டிக் சாமான, அதான் நீங்க சொல்ற சுவாசமானிய, குடுத்துட்டு மிஸ்ஸி (நர்ஸ்) சொன்னாங்க, முழிச்சிருக்கிற நேரமெல்லாம் மணிக்கு பத்து தடவ மெதுவா இழுத்து மூணு நாலு செக்கன் பிடிச்சு விடணும், இல்லாட்டி வலிக்குப் பயந்து அரைகுறையா மூச்சு விட்டு விட்டே நுரையீரலோட அடிப்பக்கம் சுருங்கி சளி தேங்கி நியூமோனியா வரைக்கும் போயிரும்னு. மாமா பலூன் ஊதுற மாதிரி அதுக்குள்ள ஊதுறாரு. உருண்டை அசையவே இல்ல. "பழுதான சாமான குடுத்துட்டாங்கடா"ங்கிறாரு. ஊதக்கூடாது இழுக்கணும்னு புரிஞ்ச பொறகு ஒரு உருண்டை ஏறிச்சு, ஆனா அடுத்த மணித்தியாலம் சுத்தமா மறந்துட்டாரு. போன்ல அலாரம் வச்சுக் குடுத்தேன்.

அதனால பேருல "ஊது" வரவே கூடாது. "மூச்சிழுப்பி"யும் வேணாம், நம்ம தேயிலைத் தோட்டத்துல இழுப்புன்னா வீசிங், "மூச்சு இழுக்குது"ன்னா சொந்தக்காரங்களுக்கு சொல்லியனுப்புற நெலம. "மூச்சுச்சங்கு"ன்னு ஒருத்தர் எழுதியிருந்தீங்க, பெக்டரியில நேரத்துக்கு ஊதுற சங்க நெனச்சிருப்பீங்க, ஆனா வாட்டுல போயி சங்குன்னு சொல்லிப்பாருங்க! காலையில பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கூட்டுறதுக்கு) அடிச்ச தப்பு மேளத்தோட பேர வச்சாலும் அதே கதைதான், சாவு வீட்டுலயும் அதத்தான் அடிக்கிறது.

நான் சொல்றது மூச்சுமணி. அடிக்கிற மணியும் ஆச்சு, மணிக்கொருக்காங்கிறதும் ஆச்சு. 2019ல அமெரிக்காவுல பைபாஸ் செஞ்ச 160 பேர வச்சு வெளிவந்த ஆய்வுலயும் கருவியில மாட்டுனது மணிதான். ஒரு கூட்டத்துக்கு அடிச்சுச்சு, மத்த கூட்டத்துக்கு நிப்பாட்டி வச்சிருந்தாங்க. மணி கேட்டவங்கதான் கூடுதலா இழுத்தாங்க, நுரையீரல் சுருக்கமும் அவங்களுக்குக் கொறைவு.

---

> மூச்சுமணி நல்லாருக்கு தம்பி. ஆனா போன்ல சத்தமில்லாம வைப்ரேசன் மட்டும் வந்தா அது மணியா?

மணிதான் அக்கா, சைலண்ட்ல போட்டாலும் போன போன்னுதானே சொல்றோம். ஒரு வாட்டுல இருபது பேருக்கு ஒண்ணா அடிச்சா மிஸ்ஸி நம்மள அடிக்க வருவாங்க, அதனால வைப்ரேசன்தான் நல்லது. மெசேஜா அனுப்புனா மூச்சுமணிச் செய்தின்னு நீட்டிக்கலாம்.

கருவிக்குத்தான் இன்னும் பேரு அமையல. மாமா இப்பவும் "உருண்டை"ன்னுதான் சொல்றாரு, அத வச்சு "மூச்சுருண்டை"ன்னு எழுதிப் பார்த்தேன், தீவாளி பலகாரம் மாதிரி இருக்கு. வேற யாராவது சொல்லுங்க.