றாம்ப் இருக்காம், எட்டடி!

வாவிக்கரையான்: நேத்து பாலமீன் எழுதியிருக்கிறார்: "மட்டக்களப்பில கல்லடிப் பக்கம் வயசானவங்களுக்கு இல்லம் பாக்கிறீங்களா? படிக்குப் பக்கத்தில றாம்ப், அதான் வீல் செயார் ஏறுற சரிவு, இருக்கா எண்டு பாருங்க, இருந்தாக் காணும்." காணுமாம்! வெள்ளத்துக்குப் பயந்து அத்திவாரத்தை இரண்டரை அடி தூக்கிப்போட்டு, வாசல்ல எட்டடிக்கு ஒரு சீமெந்துச் சரிவு. அது றாம்ப் இல்ல, சின்னப்புள்ளைகள் சறுக்கி விளையாடுற சாமான். ஒரு அங்குலம் உயர்ந்தா ஒரு அடி நீளம். 30 அங்குலத்துக்கு 30 அடி. மேல கதவுக்கு முன்னால 5க்கு 5 அடி சமதளம், இல்லாட்டி கதவைத் திறக்கக்குள்ள வீல் செயார் பின்னுக்கு ஓடும்.

பாலமீன்: 30 அடி! பத்துப் பேர்ச் காணியில றாம்ப்பைக் கட்டிப்போட்டு வீட்டை றோட்டிலயா கட்டுற? பின்னால தள்ள ஒரு ஆள் நிக்கிதுதானே. எட்டடி தாராளம்.

வாவிக்கரையான்: தள்ளுறது ஆரு? 60 கிலோ ஆள், 15 கிலோ செயார். 30 அடியில கையில வாற பாரம் ஆறு கிலோ சொச்சம். எட்டடியில 23 கிலோ. இறங்கக்குள்ள அதே 23 கிலோ தள்ளுறவரையும் இழுத்துக்கொண்டு போகும். மழையில, டைல்ஸ் ஒட்டின சரிவெண்டா சொல்லவே தேவையில்ல. காணி காணாட்டி 15 அடியா ரெண்டா மடிச்சு, கிறுகிற இடத்தில 5 அடி தளம் விடலாம். மேசனிட்டக் கேளுங்க.

ஓய்வு_தாதி: றாம்ப்பை விடுங்க தம்பிமார். நடக்கிற ஆளா, படுக்கையா, மறதி நோயா? தங்க இடம் தேடுறீங்களா, பராமரிப்புத் தேடுறீங்களா? முதல்ல அதைச் சொல்லுங்க. இரவில முழிச்சிருக்கிற ஆள் எத்தனை பேர்? படுக்கையில கிடக்கிறவரை 2 மணித்தியாலத்துக்கு ஒருக்காத் திருப்பாட்டி நாரிக்குக் கீழயும் குதிக்கால்லயும் புண் வரும். திருப்பின நேரம் எழுதுற தாளைக் கேட்டு வாங்குங்க. 10, 12, 2, 4 எல்லாம் ஒரே மூச்சில எழுதினமாதிரி இருந்தா, ஒருத்தரும் திருப்பயில்ல.

வாவிக்கரையான்: சரி அக்கா, திருப்பினாங்க. மறுகா நெஞ்சு நோவெண்டு 1990 நம்பருக்கு அடிச்சு அம்புலன்ஸ் வந்தா ஸ்ட்ரெச்சர் எதால இறங்கும்? அந்த எட்டடியாலதான்.

கல்முனையான்: மட்டக்களப்பாருக்கு அளக்கவே நேரம் சரி. கல்முனையில ரெண்டு ஆதார வைத்தியசாலை இருக்கு, இஞ்சால வாங்க.

பாலமீன்: போதனா வைத்தியசாலை எங்க இருக்கெண்டு தெரியுமாகா?

கல்முனையான்: தெரியும். வாவியில மீன் பாடுதா இல்லையா எண்ட விவாதத்தில நீங்க என்னை என்ன சொன்னீங்க எண்டதும் மறக்கயில்ல.

வாவிக்கரையான்: மீனை விடுங்க. 2006ல வந்த, மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் வசதி விதிமுறையைப் பாலமீன் வாசிச்சாரா?

பாலமீன்: அது பொதுக் கட்டடத்துக்கு.

வாவிக்கரையான்: பத்துப் பேரைக் காசுக்கு வச்சிருக்கிறது தனி வீடோ? முதியோர் உரிமைச் சட்டம், 2000ஆம் ஆண்டு 9ஆம் இலக்கம். பதிவுச் சான்றிதழ் எங்க எண்டு முதல் நாளே கேக்கோணும்.

பாலமீன்: அப்ப தரையோட கட்டின வீடு பாருங்க. றாம்ப்பே வேணாம், சண்டையும் வேணாம்.

வாவிக்கரையான்: வடிவான யோசனை! 2011 தை மாத வெள்ளம் மறந்து போச்சாக்கும். தண்ணி வாசலுக்கு வர முன்னமே கக்கூசுக் குழி நிரம்பி, கொமட்டால திரும்பி வரும். ஆடி மாசம் போய்ப் பாத்துப்போட்டு அட்வான்ஸ் கட்டாதீங்க, கார்த்திகை மழையில போங்க. கொமட் உயரத்தையும் அளங்க, 17 அங்குலத்துக்குக் குறைஞ்சா முழங்கால் ஏலாதவர் எழும்பமாட்டார். குளியலறைக் கதவு 32 அங்குல அகலம் வேணும். அது வெளிப்பக்கம் திறக்கோணும். உள்ளுக்கு விழுந்தவர் கதவில முட்டிக்கொண்டு கிடந்தா எப்பிடித் திறப்பீங்க?

ஓய்வு_தாதி: குளியலறைக்கும் வந்தாச்சு. ஒப்பந்தத்தை ஆரு வாசிக்கிற? பம்பஸ், மருந்து, கிளினிக் போற வாகனம் எல்லாம் மாசக் காசுக்குள்ளயா வெளியாலயா? ஆள் மோசம்போனா அட்வான்ஸ் திரும்புமா? "படுக்கையில விழுந்தா வைச்சிருக்கமாட்டம்" எண்ட வரி எத்தனையாம் பக்கத்தில இருக்கு? ஒருத்தரும் கேக்கமாட்டீங்க.

கனடா_மருமகன்: இங்க எல்லா இடமும் லிஃப்ட்.

வாவிக்கரையான்: வந்துட்டார் லிஃப்டோட. வெள்ள நேரத்தில கரண்ட் போனா கனடாவில இருந்து கையால இழுப்பீரோ?

பாலமீன்: அக்கா சொன்னதுக்காக மட்டும் சரியெண்டுறன். இவருக்கில்ல. எட்டடி காணும்.

வாவிக்கரையான்: முப்பது.

கல்முனையான்: அப்ப மீன் பாடுதா இல்லையா?