ஆளில்லாத இடுக்கு என்றால் ஏணியில் இறங்கலாமா?

ஈரப்பாறை:
நேற்று இங்கே ஒருவர் ஸ்லோவாக்கியாவின் ஸ்லோவென்ஸ்கி ராய் தேசியப் பூங்காவைப் பற்றி எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "சுஹா பெலா இடுக்கில் ஒரே கூட்டம், பியெட்ஸ்கி இடுக்குக்குப் போங்கள், அமைதியாக இருக்கும், ஆள் வராததால் ஏறிய ஏணியிலேயே இறங்கி வந்துவிடலாம், சுற்றிப் போக வேண்டியதில்லை" என்கிறார். பியெட்ஸ்கி அமைதியான இடம் என்பது உண்மை. மற்றது ஆளைக் கொல்லும் யோசனை. இடுக்கு என்றால் ஓடை ஓடும் குறுகலான மலைப் பள்ளத்தாக்கு. அங்கே ஏணியும் சங்கிலியும் வைத்த அருவி இடுக்குகள் ஒருவழிப் பாதைகள். கீழிருந்து மேலே மட்டும்தான். கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்படித்தான். புதிதாகப் போகிறவர்கள் இதை நம்பிப் போய்விடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

மலைக்காகம்:
எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாமே, என்ன தயக்கம்? விதி எதற்கு வைத்தார்கள் என்று கொஞ்சம் யோசியுங்கள். ஒரே ஏணியில் மேலிருந்து ஒருவரும் கீழிருந்து ஒருவரும் வந்து நடுவில் முட்டிக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். சாயங்காலம் இடுக்கில் ஈ காக்காய் இல்லை என்றால் யார் வந்து முட்டப் போகிறார்கள்? இறங்கினால் கார் நிற்கும் பீலாவுக்கே நேராக வந்துவிடலாம்.

ஈரப்பாறை:
முட்டிக்கொள்வது ஒரு காரணம், அது மட்டுமே காரணம் இல்லை. அருவிப் பக்கத்து ஏணியில் ஏறும்போது கை வைக்கிற படியும் கால் வைக்கிற படியும் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. இறங்கும்போது என்ன ஆகிறது? மேலே பாறை விளிம்பில் அருவிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்க வேண்டும், ஒரு கையால் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைக் கீழே விட்டு முதல் படி எங்கே என்று துழாவ வேண்டும். அந்த விளிம்பில் எந்நேரமும் சாரல். படி இரும்பு, அதில் முன்னால் போனவர் ஷூவிலிருந்து ஒட்டிய சேறு. ஏறுகிறவன் அந்தச் சேற்றைப் பார்த்துத் துடைத்துவிட்டுக் கை வைப்பான், இறங்குகிறவன் பார்க்காமலே அதில் கால் வைப்பான். ஆளில்லாத இடுக்கு என்றால் விழுந்தாலும் பார்க்க ஆளில்லை என்று அர்த்தம்.

தூரத்துநடை:
ஒரு சந்தேகம், இரண்டு பேரிடமும். "இறங்குவது" என்று எதைச் சொல்கிறீர்கள்? இடுக்கு முழுவதையும் மேலிருந்து கீழே வருவதா, இல்லை பயந்துபோய் ஒரே ஒரு ஏணியை மட்டும் திரும்பி இறங்குவதா? "ஆளில்லை" என்பதை யார், எங்கே நின்று முடிவு செய்வது? இதைப் பேசிக்கொண்டால் பாதி சண்டை தீரும்.

மலைக்காகம்:
ஹோர்னாடு ஆற்றை ஒட்டிய பிரியெலோம் ஹோர்னாடு பாதையில் இரண்டு பக்கமும் போகலாம் என்று அதே பூங்காதானே அனுமதிக்கிறது? அங்கே சங்கிலி இல்லையா? பாறையில் அடித்த இரும்புத் தட்டுகள் இல்லையா? ஆறு கீழே ஓடவில்லையா? அங்கே எதிரும் புதிருமாக ஆட்கள் போகலாம், பியெட்ஸ்கியில் நான் ஒற்றை ஆளாக இறங்கினால் குற்றமா?

ஈரப்பாறை:
இதைச் சொல்வீர்கள் என்று தெரியும். பிரியெலோம் ஆற்றை ஒட்டிப் பக்கவாட்டில் போகிற பாதை. தட்டில் கால் வைத்து, சங்கிலியைப் பிடித்து, இடமிருந்து வலமோ வலமிருந்து இடமோ நகர்கிறீர்கள், இரண்டு திசையிலும் கால் போகிற இடம் தெரியும். பியெட்ஸ்கியில் பெரிய அருவிக்குப் பக்கத்தில் நிற்கும் ஏணி அப்படியா? அது மேலே போகிறது. மேலே மட்டும். சுஹா பெலாவில் ஒகியென்கோவி அருவிக்கு மேலே பாறையில் ஜன்னல் மாதிரி ஒரு ஓட்டை, பாதை அதற்குள் நுழைந்துதான் போகிறது. அந்த ஓட்டையில் மேலிருந்து ஒருவர் தலையை நீட்டினால் கீழே ஏணியில் தொங்குகிறவர் எங்கே போவார்?

மலைக்காகம்:
நான் பியெட்ஸ்கி பற்றிப் பேசினால் நீங்கள் சுஹா பெலாவுக்கு ஓடுகிறீர்கள். ஆளில்லாத இடுக்கு என்றேன். ஆளில்லாத. இன்னொரு முறை வேண்டுமா?

பஞ்சுக்கால்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும், நாயோடு இந்த இடுக்குகளில் போக முடியுமா? எங்களுடையது நடுத்தர அளவு, முதுகுப்பையில் உட்கார்ந்துகொள்ளும்.

நெட்டைக்கால்:
நிமிர்ந்து நிற்கிற ஏணியில் முதுகில் நாயா? பை பின்னால் இழுக்கும், நாய் அருவிச் சத்தத்தில் மிரண்டு ஒரு துள்ளு துள்ளினால் கையை விட்டுவிடுவீர்கள். பாவம் அந்த நாய். கிளாஷ்டோரிஸ்கோவுக்குக் காட்டுப் பாதையிலேயே நடந்து போகலாம், அங்கே பழைய மடாலயத்தின் இடிபாடுகள் இருக்கின்றன, நாய்க்கும் சந்தோஷம்.

பஞ்சுக்கால்:
என் நாயை எனக்குத் தெரியும். உங்களைக் கேட்டது பாதையைப் பற்றி, நாய் வளர்ப்பைப் பற்றி இல்லை.

நெட்டைக்கால்:
கேள்வியிலேயே நாய் இருக்கிறதே அம்மா.

மலைக்காகம்:
ஈரப்பாறை அண்ணனின் பழக்கம் எனக்குப் புதிதில்லை. கிசெல் பற்றிப் பேசியபோதும் இப்படித்தான், நாற்பது வருஷம் மூடியிருந்த இடுக்கைத் திறக்கவே கூடாது என்று குதித்தார். 1976 தீ விபத்துக்குப் பிறகு மூடினார்கள், 2016இல் பாறையில் இரும்புக் கயிறு கட்டி, அதில் இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு ஏறுகிற ஃபெராட்டா பாதையாகத் திறந்தார்கள், மக்கள் சந்தோஷமாகப் போய்வருகிறார்கள். இவருக்கு எல்லாமே ஆபத்து, எல்லாமே தடை.

ஈரப்பாறை:
பொய். திறக்கக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. ஹெல்மெட்டும் இடுப்புப் பட்டையும் இல்லாமல் போகாதீர்கள் என்றேன், இன்றும் அதையேதான் சொல்வேன். அந்தக் கிசெலும் ஒருவழிதான் என்பதை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்கள். உடம்பில் கயிறு மாட்டிப் போகிற இடத்திலேயே இறங்க விடவில்லை, கயிறே இல்லாத ஏணியில் இறங்கச் சொல்கிறீர்கள். தெற்குப் பக்கம் செய்மார்ஸ்கா ரொம்பச் சின்ன இடுக்கு, அதிலும் மேலே மட்டும்தான். உங்களுக்காக எந்த இடுக்கும் திசை மாறப் போவதில்லை.

தூரத்துநடை:
நான் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

காட்டுக்கீரி:
ஏப்ரலில் போவதாக இருந்தால் இந்தச் சண்டையே வேண்டாம், நிழல் விழும் இடத்தில் பனிக்கட்டி கிடக்கும், ஏறுவதே கஷ்டம். செப்டம்பர்தான் நல்ல நேரம், தண்ணீர் குறைந்திருக்கும், ஓடையில் போட்ட மரக்கட்டைகள் மீது நிம்மதியாக நடக்கலாம்.

நெட்டைக்கால்:
தண்ணீர் குறைந்த பிறகு அருவியைப் பார்க்க எதற்குப் போக வேண்டும்? ஜூனில் போங்கள். செப்டம்பர் செப்டம்பர் என்று எல்லா இடத்திலும் இதையே சொல்கிறீர்கள்.

காட்டுக்கீரி:
ஈரக் கட்டையில் வழுக்கிப் பாருங்கள், அப்போது புரியும். பாசி பிடித்த மரத்தில் எந்த ஷூவும் நிற்காது.

மலைக்காகம்:
கடைசியாகக் கேட்கிறேன். நான் பயிற்சி உள்ளவன், என் கால் மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. எதிரே யாரும் இல்லை. இறங்கினால் யாருக்கு என்ன நஷ்டம்?

ஈரப்பாறை:
எதிரே யாரும் இல்லை என்று எப்படித் தெரியும்? வளைவுக்கு வளைவு திரும்புகிற இடுக்கு, பத்தடிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது, அருவிச் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது. சாயங்காலம் தாமதமாக ஏறத் தொடங்கிய ஒரு குடும்பம், முன்னால் ஒரு குழந்தை, ஏணியின் பாதியில். மேலிருந்து உங்கள் ஷூ வருகிறது. அந்தக் குழந்தை பின்னால் இறங்குமா, நீங்கள் விளிம்புக்குத் திரும்பி ஏறுவீர்களா? பயிற்சி உங்களுக்கு இருக்கலாம், குழந்தைக்கு? அப்புறம் மீட்புப் படை. ஸ்லோவாக்கியாவில் மலையில் மீட்டால் மீட்கப்பட்டவர்தான் செலவைக் கட்ட வேண்டும், காப்பீடு இல்லாமல் போனால் தெரியும் சேதி. மலை மீட்புப் படையின் 18300 என்ற எண்ணைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் ஆழமான இடுக்கில் சிக்னலை நம்ப வேண்டாம். மேலே போய்க் காட்டுச் சாலையைப் பிடித்துச் சுற்றி வர முடியாத அளவுக்குக் கால் வலிக்கிறது என்றால் அந்த இடுக்குக்கே போகாதீர்கள்.

மலைக்காகம்:
குழந்தையைக் கொண்டுவந்துவிட்டீர்கள். வாதத்தில் சரக்கு தீர்ந்தால் குழந்தைதான். நான் ஆளில்லாத இடுக்கு என்று சொல்கிறேன், நீங்கள் அதில் குடும்பத்தையே கொண்டுவந்து ஏற்றுகிறீர்கள்.

பஞ்சுக்கால்:
சுற்றி வரும் காட்டுச் சாலையில் நாயை விடலாமா? அதையாவது யாராவது சொல்லுங்கள்.

ஈரப்பாறை:
கயிற்றில் பிடித்துக்கொண்டு தாராளமாகப் போங்கள். மலைக்காகம், உங்களுக்கும் அதே சாலைதான். ஏணி மேலே போவதற்கு. நாளைக்கு இன்னொரு திரியில் இதையே எழுதினால் அங்கேயும் வந்து இதையே சொல்வேன்.

மலைக்காகம்:
வாருங்கள். அடுத்த மாதம் பியெட்ஸ்கியில்தான் இருப்பேன், படம் எடுத்துப் போடுகிறேன்.

நெட்டைக்கால்:
அடுத்த மாதம் செப்டம்பர். அருவியில் தண்ணீர் இருந்தால் அதையும் படம் எடுங்கள், காட்டுக்கீரிக்குக் காட்டலாம்.