ஜப்பானில் உதவி கேட்ட அனுபவங்கள்: நீங்களும் சொல்லுங்கள்

கோவை வாசகி:
நான் சுத்த சைவம். ஜப்பானில் கறி, மீனைத் தவிர்ப்பது எளிது. தாஷியைத் தவிர்ப்பதுதான் பாடு. உலர்ந்த மீன் சீவலைக் கொதிக்கவிட்டு இறக்கும் சாறு அது. சோபா, உதோன் (இரண்டும் நூடுல்ஸ் வகை), மிஸோ சூப் (புளிக்கவைத்த சோயா விழுதில் செய்வது) என்று பெரும்பாலும் எல்லாவற்றிலும் இருக்கும். "நிக்கு தோ ஸகானா வா தபெமாஸென்" (கறியும் மீனும் சாப்பிட மாட்டேன்) என்று மட்டும் சொன்னால் மேலே கிடக்கும் மீனை எடுத்துவிட்டுச் சாற்றை அப்படியே ஊற்றித் தருவார்கள். அதில் அவர்கள் தப்பு ஒன்றுமில்லை.

கியோட்டோவில் ஒரு சிறிய சோபா கடை. முதலில் "ஸுமிமாஸென்" (மன்னிக்கவும்) என்று சொல்லிவிட்டு, கடைக்கார அம்மா என் பக்கம் திரும்பும்வரை நின்றேன். "ஸகானா நோ தாஷி மோ தாமெ நான் தெஸ்" (மீன் சாறும் ஆகாது) என்றேன். அவர் தலையைச் சாய்த்து "சோத்தோ…" என்று இழுத்தார். அந்த இழுப்புக்கு "முடியாது" என்று அர்த்தம். அதற்கு மேல் வற்புறுத்தினால் அவருக்குத் தர்மசங்கடம். அதனால், இதை மாற்று, அதை எடு என்று கேட்காமல், "நானிகா தபெராரெரு மோனோ வா அரிமாஸ் கா" (நான் சாப்பிடக்கூடியது ஏதாவது இருக்கிறதா) என்று மட்டும் கேட்டேன். உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார். தொட்டுக்கொள்ளும் சாறு இல்லாமல் ஸாரு சோபா (ஆறவைத்த சோபா), பக்கத்தில் உப்பும் வசாபியும். அப்படி ஒரு வழி இருப்பதே எனக்குத் தெரியாது. வழியை அவரிடம் விட்டதால்தான் அது கிடைத்தது என்று உறுதியாக நம்புகிறேன்.

கோயாசான் என்ற மலையில் உள்ள புத்தக் கோயில் விடுதிகளில் இந்தக் கவலை குறைவு. அங்கே சாறு கொம்பு கடற்பாசியிலும் ஷீத்தாகே காளானிலும்தான். இருந்தாலும் அறை பதியும்போதே சொல்லிவிடுங்கள்.

படப்பெட்டி:
அருமை அக்கா. புகைப்பட விஷயத்தை நான் சொல்கிறேன். "ஷாஷின் ஒ தொத்தெ மோ ஈ தெஸ் கா" என்றால் நான் எடுக்கலாமா. "தொத்தெ மொராஎமாஸ் கா" என்றால் எங்களை எடுத்துத் தருவீர்களா. இரண்டும் வேண்டியிருக்கும். கியோட்டோவின் கியோன் பகுதித் தனியார் சந்துகளில் மட்டும் கேட்கவே போகாதீர்கள். 2019 முதல் அங்கே படம் எடுக்கத் தடை, மீறினால் 10,000 யென் அபராதம் என்று பலகையே உண்டு. கெய்ஷாக்களையும் (பாரம்பரிய ஆடல் பாடல் கலைஞர்கள்), அவர்களிடம் பயிலும் மைக்கோக்களையும் வழிமறித்துப் படம் பிடித்தவர்களால் வந்த வினை. வேலைக்குப் போகிற பெண்களை நிறுத்திக் கேட்பது எந்த மொழியிலும் பணிவு ஆகாது.

தஞ்சைப் பையன்:
நான் சக்கர நாற்காலியில் அம்மாவை அழைத்துப் போனேன். டிக்கெட் வாயிலில் ஊழியரிடம், "ஸுமிமாஸென், நாரா மதே, குருமா இஸு தெஸ். ஒனெகாய் ஷிமாஸ்" (மன்னிக்கவும், நாரா வரை, சக்கர நாற்காலி. தயவுசெய்து) என்றேன். அவ்வளவுதான். வினைச்சொல்லே வேண்டியிருக்கவில்லை. எந்த ரயில், எந்தப் பெட்டி என்று குறித்துக்கொண்டு நாராவுக்கு போன் செய்தார். மடக்குப் பலகையோடு நடைமேடைவரை கூடவே வந்து ஏற்றிவிட்டார். நாராவில் கதவு திறந்தபோது இன்னொரு ஊழியர் அதே பெட்டிக்கு நேராகப் பலகையோடு நின்றார். அம்மா தமிழிலேயே நன்றி சொன்னார். அவர் குனிந்து வணங்கினார். இறங்கும் நிலையத்தோடு அவர்கள் பேசி ஏற்பாடு செய்ய நேரம் பிடிக்கும். ஆகவே அப்போதே கிளம்பும் ரயிலை நம்பாமல், கொஞ்சம் முன்கூட்டியே நிலையத்துக்குப் போய்விடுங்கள்.