குடும்பக் குழு: நாளை ஆராதனைக்கு வேதாகமம்

சனிக்கிழமை, இரவு 7:42

பெரியப்பா: அனைவருக்கும் ஸ்தோத்திரம். நாளை ஆராதனைக்கு அவரவர் வேதாகமத்தைக் கையோடு கொண்டு வாருங்கள். போன வாரம் நம் வரிசையில் பாமாலைப் புத்தகம் எல்லார் கையிலும் இருந்தது. வேதாகமம் என் ஒருவன் மடியில்தான்.

தம்பி: திரையில்தான் வசனம் போடுகிறார்களே, பெரியப்பா.

மதினி: போனிலும் இருக்கிறது, மாமா.

பெரியப்பா: திரையில் ஒரு வசனம் வரும், போகும். அதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று யாருக்குத் தெரியும்? தம்பி, புது வருட ஆராதனையில் உனக்கு வந்த வாக்குத்தத்த அட்டை, அந்த வருடத்துக்கென்று வசனம் அச்சடித்துக் கொடுப்பார்களே, அது எது?

தம்பி: எரேமியா 29:11. ‘நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை’ கர்த்தர் கொடுப்பார் என்கிற வசனம். மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.

பெரியப்பா: அதற்கு முந்திய வசனம்?

7:51

தம்பி: பாபிலோனில் எழுபது வருடம் முடிந்த பிறகுதான் திரும்பக் கொண்டுவருவேன் என்று இருக்கிறது. எழுபதா!

சித்தி: அவன் அரியர் தேர்வு முடிவுக்காக ஒட்டியிருக்கிறான் 😄

பெரியப்பா: அது சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம். ஐந்தாம் வசனத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறார். சீக்கிரம் ஊர் திரும்ப முடியாது என்றுதான் பொருள். அதை அட்டையில் அச்சடித்தால் யார் எடுப்பார்கள்? பக்கம் விரிந்திருந்தால் கண் தானாக மேலே போகும்.

மதினி: போனில் விரலால் தள்ளினாலும் மேலே போகும்தானே, மாமா?

பெரியப்பா: போகும். அதற்குள் உன் மாமியார் அனுப்பும் காலை வணக்கமும் வந்துவிடும்.

அம்மா: ஆராதனை நேரத்தில் நான் எதையும் அனுப்புவதில்லை.

அத்தை: அண்ணாச்சி, கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகும் எனக்குப் பொடி எழுத்து ஓடவில்லை. போனில் எழுத்தைப் பெரிதாக்கித்தான் படிக்கிறேன். அதையும் வேண்டாம் என்பீர்களா?

பெரியப்பா: உன்னைச் சொல்லவில்லை. நீ போனிலேயே படி, ஃபிளைட் மோடில் மட்டும் போட்டுக்கொள். பெரிய எழுத்து வேதாகமம் கடையில் கிடைக்கிறது. ஆனால் அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு நீ பஸ் ஏற முடியாது.

சித்தி: ஞாயிறு பள்ளியில் டீச்சர் வேதாகமத்தில் ஒபதியா புத்தகத்தை எடுங்கள் என்று சொல்லி முடிப்பதற்குள் என் மகள் ஆமோசுக்கும் யோனாவுக்கும் நடுவே விரலை வைத்துவிடுகிறாள். மொத்தமே 21 வசனம். நான் புரட்டினால் இரண்டு தடவை தாண்டிப் போய்விடுகிறேன்.

தம்பி: நான் பெயரைத் தட்டினால் வந்துவிடுகிறது. வரிசையே தெரியாது.

சித்தி: அதைத்தான் சொல்கிறேன்.

அண்ணன்: ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தார். தமிழ் கற்று, மொழிபெயர்த்து, 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சில் கொண்டுவந்துவிட்டார். இந்திய மொழிகளில் முதலில் அச்சான புதிய ஏற்பாடு நம்முடையதுதான். நாம் அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறோம்.

தம்பி: அண்ணன் வகுப்பைத் தொடங்கிவிட்டார்.

அம்மா: வேண்டுமென்றே பூட்டவில்லை. கல்யாணத்தன்று கொடுத்த வேதாகமம் அது. உங்கள் எல்லாருடைய பிறந்த தேதியும் ஞானஸ்நானத் தேதியும் முதல் பக்கத்தில் இருக்கின்றன. கிழிந்துவிடும் என்று எடுப்பதில்லை.

பெரியப்பா: படித்துக் கிழிந்தால் கிழியட்டும், பைண்டிங் செய்துகொள்ளலாம்.

மதினி: சரி மாமா, நானும் புத்தகத்தையே எடுத்து வருகிறேன். அடிக்கோடு போடலாமா? தாள் மெல்லியதாக இருக்கிறது, பேனா மை மறுபக்கம் தெரிகிறது.

பெரியப்பா: பென்சில் போதும். பிரசங்கத்தில் போதகர் ஐயர் சொல்வது புரியாவிட்டால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடு. வெளியே வரும்போது அவரிடமே கேட்கலாம், கேட்டால் சந்தோஷப்படுவார்.

தம்பி: என் வேதாகமத்தின் ஜிப் சிக்கிக்கொண்டது. திறக்கவே முடியவில்லை.

சித்தி: எவ்வளவு நாளாகத் திறக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. மெழுகுவர்த்தியைத் தேய், நகரும்.

8:20

தம்பி: திறந்துவிட்டது! உள்ளே ஐம்பது ரூபாய் இருக்கிறது.

அம்மா: காணிக்கைக்கு நான் வைத்தது. தொடாதே.