கூத்து ஏட்டின் ஐந்து பிரதிகள்: எதைப் பார்த்து எது எழுதப்பட்டது?

மொரப்பூரான்:
தர்மபுரி பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் ஆடும் பாரதக் கூத்து, அதில் பதினெட்டாம் நாள் போர்ப் பகுதிக்கு ஐந்து பிரதிகள் கைவசம் உள்ளன. ஒன்று ஓலை. மூன்று கோடு போட்ட நோட்டுகள், வெவ்வேறு ஜமா (கூத்துக்குழு) வாத்தியார்களுடையவை. ஐந்தாவது அச்சுப் புத்தகம், முதலும் கடைசியும் கிழிந்தது. ஓலையின் முடிவில் ‘சுக்கில வருஷம்’ என்று இருக்கிறது, நோட்டு 2-இலும் அதே வருஷம்தான். நோட்டு 1-உம் 2-உம் வரிக்கு வரி நிறைய ஒத்துப்போகின்றன. அப்படியானால் அவை இரண்டும் ஒரே கிளை என்று எடுத்துக்கொள்ளலாமா? நோட்டு 2-இல் ஓரிடத்தில் கதை திடீரென்று குதிக்கிறது, அது ஏன் என்றும் தெரியவில்லை.

சுவடிக்கட்டு:
ஒத்துப்போவதை எண்ணினால் ஒன்றும் தேறாது. சரியான பாடம், அதாவது ஓரிடத்தில் பிரதி காட்டும் சொல், எல்லாருக்கும் மூலத்திலிருந்தே வந்திருக்கும், அதனால் உறவு தெரியாது. இரண்டு பிரதிகள் ஒரே பிழையைச் செய்திருந்தால்தான் இடையில் பொதுவான தாய்ப்பிரதி ஒன்று இருந்தது என்று சொல்ல முடியும்.

அந்தப் பிழையும் இரண்டு பேர் தனித்தனியே செய்ய முடியாததாக இருக்க வேண்டும். ஓலையில் புள்ளி கிடையாது, ஒற்றைக் கொம்புதான், காலும் ரகரமும் ஒரே வடிவம். ஆகவே ‘கொடிப்படை’, ‘கோடிப்படை’ இரண்டும் ஓலையில் ஒன்றுபோலத்தான் நிற்கும். நோட்டு 1-உம் 2-உம் ‘கோடி’ என்றும் நோட்டு 3 ‘கொடி’ என்றும் எழுதியிருந்தால் அதை வைத்துக் கிளை பிரிக்காதீர்கள். ஆளுக்கு ஒரு பக்கம் படித்திருப்பார்கள், அவ்வளவுதான். ர/ற, ல/ள, ன/ண மயக்கம், ‘என்று/யென்று’ போன்றவையும் எழுதியவரின் பழக்கம், கணக்கில் சேராது.

நம்பத்தக்கது வரி விடுபடல். எடுத்துக்காட்டுக்கு நானே கட்டிய வரிகள்:

வில்லெடுத்து விசயன் வெகுண்டு நின்றானே
சொல்லெடுத்துக் கண்ணன் சிரித்து நின்றானே

முதல் ‘நின்றானே’ எழுதி முடித்துவிட்டு ஓலைக்குத் திரும்பும் கண் இரண்டாம் ‘நின்றானே’யில் போய் விழும். இரண்டாம் வரி காணாமல் போகும், பொருளும் பெரிதாகக் கெடாது, யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். இப்படி ஓரிடம் மட்டும் இரு நோட்டுகளில் விடுபட்டிருந்தால் தற்செயலாகவும் இருக்கலாம், ஏனென்றால் ஒரே சொல்லில் முடியும் வரிகள் எல்லார் கண்ணையும் ஏமாற்றும். வெவ்வேறு இடங்களில் நான்கைந்து பொதுவாக இருந்தால் நம்பலாம்.

எது முந்தியது என்று காட்ட எதுகை உதவும். ஒரு நோட்டில் ‘பேச்செடுத்துக் கண்ணன்’ என்று இருந்தால் எதுகை உடைகிறது, அது பின்னால் நுழைந்த சொல். ஆனால் கெட்ட எதுகையைக் கெட்டிக்கார வாத்தியார் தானே சரிசெய்துவிடுவார். ஒரு பாடம் அழகாக இருப்பதால் மட்டும் பழையதாகிவிடாது.

வேலைமுறை: பிரதிகளுக்கு அ, ஆ, இ, ஈ, உ என்று பெயர் கொடுங்கள். ஒரு எக்செல் தாளில், வேறுபடும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வரி, ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு நெடுவரிசை. முழுப் பிரதியையும் ஒப்பிட நேரம் இல்லையென்றால் தொடக்கம், நடு, இறுதி மூன்றிலும் நூற்றைம்பது வரி எடுங்கள். தொடக்கத்தை மட்டும் பார்த்தால் போதாது, நடுவில் வேறு ஏட்டைப் பார்த்து எழுதத் தொடங்கியவர்கள் உண்டு. பாட்டுப் பகுதிகளான விருத்தத்தையும் தருவையும் மட்டும் ஒப்பிடுங்கள். வசனம் ஆடும்போதே மாறுவது, அதில் ஒற்றுமையும் வேற்றுமையும் எதையும் நிரூபிக்காது.

கரியேடு:
நோட்டு 2-இல் கதை குதிக்கும் இடத்தை முதலில் பாருங்க, அதில்தான் விஷயம் இருக்கு. ஓலையில் பக்கத்துக்கு எத்தனை வரி, வரிக்கு எத்தனை எழுத்து? விடுபட்ட பகுதியை ஓலையிலேயே கண்டுபிடிச்சு எண்ணுங்க. எங்கே தொடங்கி எங்கே முடியுதுன்னும் பாருங்க. எழுத்து மங்கியிருந்தால் பக்கவாட்டில் டார்ச் அடிச்சுப் படம் எடுங்க. கரியும் எண்ணெயும் தடவுறதைக் கடைசி வழியா வைங்க, நொறுங்குற ஓலைக்கு வேண்டவே வேண்டாம்.

மொரப்பூரான்:
பக்கத்துக்கு 7 வரி, வரிக்கு ஏறத்தாழ 48 எழுத்து. விடுபட்டது கிட்டத்தட்ட 660 எழுத்து. தொடங்குவது ௩௰௧ என்று எண் போட்ட ஏட்டின் முதல் எழுத்தில், ஒரு சொல்லின் நடுவில். முடிவதும் அதே ஏட்டின் பின்பக்கக் கடைசியில்.

கரியேடு:
அப்போ முடிஞ்சது. 7×48×2 = 672. இரண்டு ஏட்டைச் சேர்த்துப் புரட்டிட்டார், 31-ஆம் ஏடு முழுசா விட்டுப்போச்சு. வரி எண்ணிக்கை வேறாக உள்ள இன்னொரு ஓலையிலிருந்து எழுதியிருந்தால் இவ்வளவு துல்லியமா ஏட்டோட விளிம்பில் வெட்டாது. நோட்டு 2 உங்க ஓலையிலிருந்து வந்ததுதான். எழுதினவர் ஏட்டெண்ணைப் பார்க்கலை. எண் முன்பக்க இடது ஓரத்தில் மட்டும்தான் இருக்கும், பின்பக்கத்தில் இருக்காது.

நோட்டு 1-இல் அந்தப் பகுதி இருக்கு. அதனால் அது நோட்டு 2-ஐப் பார்த்து எழுதினதில்லை. ஓலையின் பிழை எல்லாம் நோட்டு 1-இலும் இருந்து, கூடவே அதுக்கே உரிய பிழையும் இருந்தால் அதுவும் ஓலையின் பிள்ளைன்னு கொள்ளலாம். ஓலையின் பிழைகளில் சில அதில் இல்லாமல், எதுகை தட்டாத சரியான பாடம் இருந்தால், ஓலைக்கும் அதுக்கும் மேலே இன்னொரு ஏடு இருந்திருக்கணும்.

பர்கூர்க்காரன்:
ஒரு எச்சரிக்கை. நகல் என்று தெரிந்துவிட்டதால் நோட்டு 2-ஐத் தூக்கி ஓரமாக வைத்துவிடாதீர்கள். ஓலை இன்று செல்லரித்துப்போன இடங்களில் அது நன்றாக இருந்த காலத்துப் பாடம் அந்த நோட்டில் இருக்கும்.

ஐஸ்லாந்தின் பழைய உரைநடைக் கதைகளான சாகாக்களில் இதே நிலைமைதான். அவற்றில் ஒன்றான நியால் சாகாவுக்குச் சுமார் 60 கையெழுத்துப் பிரதிகள் இருந்தும் ஆசிரியர் கையால் எழுதியது ஒன்றுகூட இல்லை. வாட்ன்ஸ்ஹிர்னா என்ற தோல் ஏட்டுத் தொகுப்பு 1728-இல் கோபன்ஹேகனில் பற்றிய தீயில் எரிந்துவிட்டது. அதற்குமுன் எடுத்திருந்த காகித நகல்களை வைத்துத்தான் அதிலிருந்த பாடத்தை இன்று படிக்கிறார்கள். காகிதம் பிந்தியது என்பதற்காகத் தள்ளியிருந்தால் எல்லாம் போயிருக்கும்.

உங்கள் அட்டவணைக்கு இன்னொன்று சேர்க்க வேண்டும். அச்சுப் புத்தகம் சும்மா இருக்காது. வாத்தியார்கள் அதைப் பார்த்து நோட்டைத் திருத்துவார்கள். வரிகளுக்கு இடையே வேறு மையில் எழுதியது எல்லாவற்றுக்கும் தனி நெடுவரிசை போட்டு, முதல் கை எழுதியது வேறு, திருத்திய கை எழுதியது வேறு என்று பிரித்துக்கொள்ளுங்கள். நோட்டு 3 சில பக்கங்களில் ஓலையோடும் சில பக்கங்களில் அச்சோடும் சேர்ந்தால் அது கலப்பு. அதைப் பிரதிகளின் வம்சமரத்தில் ஒரே கிளையில் தொங்கவிட முடியாது.

உயிரியலில் மரம் வரையும் மென்பொருளில் அட்டவணையைப் போட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. 1990-களிலேயே ஸ்விப்டாக்ஸ்மால் என்ற பழைய நோர்ஸ் மொழிப் பாடல்களின் பிரதிகளுக்கு ராபின்சன், ஓ’ஹாரா என்ற ஆய்வாளர்கள் அதைச் செய்தார்கள். கலப்பு இருக்கிறதா என்று பார்க்க வலைப்பின்னலாக வரையும் ஸ்பிளிட்ஸ்ட்ரீ என்ற மென்பொருள் உதவும். ஆனால் வேர் எங்கே என்று மென்பொருள் சொல்லாது, நீங்கள்தான் எதுகையையும் விடுபாட்டையும் வைத்துக் காட்ட வேண்டும். ஐந்து பிரதிக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து, ஒரு தாளும் பென்சிலும் போதும்.

மொரப்பூரான்:
அப்படியானால் இரண்டிலும் ‘சுக்கில வருஷம்’ இருப்பது?

சுவடிக்கட்டு:
ஓலையின் முடிவு வரியையும் சேர்த்தே நகலெடுத்திருக்கிறார். அது ஓலையின் தேதி, நோட்டினுடையது அல்ல. சுக்கில 60 ஆண்டுக்கு ஒருமுறை வரும்: 1869–70, 1929–30, 1989–90. மாதம், தேதி, கிழமை, நட்சத்திரம் கூட எழுதியிருந்தால் பஞ்சாங்கத்தில் சரிபார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். மாதம், தேதி, கிழமை மட்டுமே இருந்தாலும் இந்த மூன்று சுற்றில் ஒன்றுக்கு மேல் பொருந்தாது, நட்சத்திரம் சேர்ந்தால் இன்னும் உறுதியாகும். நோட்டின் காலத்துக்கு அட்டையில் அச்சான விலை, அச்சக முகவரி, கோட்டுத்தாளின் வகை, மை ஆகியவற்றைப் பாருங்கள்.